கறையும் கஷாயமும்

அறநூல்கள் விலக்கும் பெருங்குற்றங்கள் நம் இல்லங்களில் அன்றாடம் நிகழ்வன அல்ல. கொலையும் களவும் பொய்ச்சான்றும் நமக்கு வெகுதொலைவில் உள்ளன என்றே நாம் எண்ணுகிறோம். அவ்வெண்ணம் பெரும்பாலும் உண்மையும் ஆகும். ஆகவே நாம் ஏற்றுள்ள விரதங்களின் வலிமை சோதிக்கப்படும் இடம் பெருநிகழ்ச்சிகள் அல்ல. அடுக்களையிலும் கூடத்திலும் நொடிப்பொழுதில் வந்து போகும் சிறு நிகழ்ச்சிகளே. அத்தகைய ஒன்றை ஈண்டு எடுத்துக்கொள்வோம். கூடத்தில் விரித்திருக்கும் கம்பளத்தின்மீது காப்பி கொட்டிவிடுகிறது.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டுத் தமிழகத்து வீடுகளில் பரவத் தொடங்கிய காப்பி, இன்று விருந்தோம்பலின் முதல் அடையாளமாகிவிட்டது. பாயும் பவானி ஜமக்காளமும் விரித்த கூடங்களில் இப்போது கம்பளி விரிப்புகளும் இடம்பெற்றுள்ளன. எனவே காப்பியும் கம்பளமும் சந்திப்பது அரிய செய்தியன்று. அவ்வாறு சந்திக்கும்போது வீட்டில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. "இக்கறையை எவ்வாறு போக்குவது?" என்பது ஒன்று. "யார் கொட்டியது?" என்பது மற்றொன்று. முதலில் கேட்கத் தக்கது முதற்கேள்வி. முதலில் கேட்கப்படுவதோ இரண்டாவது கேள்வி. அதற்கு விடை கண்டு, உரியவரைக் கடிந்து முடிப்பதற்குள் காப்பி கம்பளியின் அடிவரை இறங்கிவிடுகிறது.

இதனை வெறும் குடும்ப நடைமுறைச் செய்தி என்று தள்ளிவிட இயலாது. இதனுள் ஓர் அறவினா அடங்கியுள்ளது. அறியாமல் நேர்ந்த பிழைக்கு ஒருவர் எவ்வளவு பொறுப்பாளர்? அப்பிழையைக் கண்டபின் நாம் அறிந்தே செய்வதற்கு நாம் எவ்வளவு பொறுப்பாளர்? இவ்விரண்டில் உயிரின்மீது அழுத்தமாகப் படியும் கறை எது? இவ்வினாவுக்கு நம் ஆகமங்கள் தரும் விடை தெளிவானது. அவ்விடையைக் காண, முதலில் காப்பிக் கறை என்பது யாது என்றறிதல் வேண்டும்.

கஷாயம் என்னும் சொல்

காப்பிக்கொட்டையை வறுக்கும்போது பழுப்பு நிறப் பொருள்கள் பல உண்டாகின்றன. அவற்றோடு துவர்ப்பும் கசப்பும் தரும் அமிலப் பொருள்களும் கொதிநீரில் இறங்குகின்றன. இவ்வாறு இறக்கப்பட்ட சாறே டிக்காஷன். வைத்தியர் மொழியில் இதற்குப் பெயர் கஷாயம் என்பதாகும். பாலும் சர்க்கரையும் கலந்த காப்பியில் பாலின் புரதமும் கொழுப்பும் உடன் சேர்கின்றன. ஆகவே காப்பிக் கறை என்பது ஒரே பொருளால் ஆனதன்று. நிறம், துவர்ப்பு, பால், இனிப்பு ஆகிய நான்கும் கூடிய கூட்டுக்கறை அது. அது பிடிவாதமாக நிற்பதற்குக் காரணம் இக்கூட்டே.

துவர்ப்புக்கும் துணிக்கும் உள்ள உறவு நம் நாட்டுச் சாயத்தொழிலாளர் நன்கறிந்த ஒன்று. கலம்காரித் துணி செய்வோர், சாயமேற்றுவதற்கு முன்னர்த் துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துவர். கடுக்காயின் துவர்ப்பு, படிகாரம் முதலியவற்றோடு சேர்ந்து சாயத்தைத் துணியில் நிலைபெறச் செய்யும். பால், நிறம் கண்டபடி படராமல் காக்கும். சாயம் நிற்கவேண்டும் என்று விரும்புவோர் துவர்ப்பையும் பாலையும் நாடினர். அவ்விரண்டும் கலந்த பானம் கம்பளத்தில் விழுந்து அகல மறுப்பதில் வியப்பென்ன?

இனி, நம் ஆசாரியர்கள் உயிரில் வினை படிவதற்குக் காரணமானவற்றைக் குறிக்கத் தேர்ந்த சொல்லும் இதுவே. வெகுளி, செருக்கு, மாயை, உலோபம் என்னும் நான்கனுக்கும் கஷாயம் என்பதே பொதுப்பெயர். உமாஸ்வாமியின் தத்துவார்த்த சூத்திரத்துக்கு சர்வார்த்தசித்தி என்னும் உரை வகுத்த பூஜ்யபாதர் இப்பெயரின் பொருத்தத்தை விளக்குகிறார். ஆலமரம் முதலியவற்றின் துவர்ச்சாறு எவ்வாறு ஒட்டுதலுக்குக் காரணமாகிறதோ, அவ்வாறே வெகுளி முதலியன உயிரோடு வினை ஒட்டுதற்குக் காரணமாவதால் அவை கஷாயம் எனப்பட்டன என்பது அவர் கருத்து.

இதிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்றுண்டு. மனம், மொழி, மெய் ஆகிய மூன்றின் அசைவால் வினைத்துகள் உயிரை நோக்கி வருகிறது, அது ஊற்று. வந்தது நீண்ட காலம் தங்கிப் பயன் தரும்படி பிணிக்கப்படுவது கட்டு. அந்நிலைப்புக்கும் அழுத்தத்துக்கும் வேண்டிய பசை கஷாயம். கஷாயமற்றவரிடம் வரும் துகள், உலர்ந்த சுவரில் எறிந்த மணல் போலத் தொட்டு உதிர்ந்துவிடும். கஷாயமுடையவரிடமோ ஈரச்சுவரில் ஒட்டிய புழுதியாகிவிடும். எனவே நிகழ்ந்தது யாது என்பதினும், எந்த மனநிலையில் நிகழ்ந்தது என்பதே வினைக்கணக்கில் முதன்மை பெறுகிறது. கையிலிருந்த தம்ளர் நழுவியது ஒரு நிகழ்ச்சி. அதைக் கண்டு பொங்கிய வெகுளி மற்றொரு நிகழ்ச்சி. முன்னதில் கம்பளம் நனைந்தது. பின்னதில் நனைந்தது எது என்பதை நாமே எண்ணிப் பார்க்கலாம்.

நான்கு கறைகள்

கி.பி. 10-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவரும், சிரவணபெளகுள கோமடேசுவரர் திருவுருவை எழுப்பிய சாமுண்டராயருக்கு ஆசிரியராக விளங்கியவருமான நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி, கோம்மடசாரம் என்னும் நூலில் நான்கு கஷாயங்களின் வன்மை மென்மைகளை உவமைகளால் உணர்த்துகிறார். வெகுளிக்குக் கல், மண், மணல், நீர் ஆகியவற்றின்மேல் இட்ட கோடுகள் உவமை. இவ்வுவமை நம்மிற் பலரும் கேட்டறிந்ததே. உலோபத்துக்கு அவர் கூறும் உவமை நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. அது கறைகளின் வரிசையாகவே அமைந்துள்ளது.

முதலாவது, கிருமிகளிலிருந்து எடுக்கப்படும் செஞ்சாயம். துணி கிழிந்தாலும் நிறம் போகாது. இரண்டாவது, வண்டிச் சக்கரத்தின் அச்சில் படியும் மை, பெருமுயற்சியால் அகலும். மூன்றாவது, உடலில் சேரும் அழுக்கு, நீராடினால் நீங்கும். நான்காவது, மஞ்சளின் நிறம். வெயில் பட்டாலே வெளிறிவிடும். இந்நான்கும் முறையே நரகர், விலங்கு, மக்கள், தேவர் என்னும் நான்கு கதிகளுக்கு உரியனவாகக் கூறப்பட்டுள்ளன.

உலோபம் ஏன் கறைக்கு ஒப்பிடப்பட்டது? பொருளின்மேல் நம் உள்ளம் ஒட்டிக்கொள்வதே உலோபம். கம்பளம் நம்மீது ஒட்டிக்கொள்வதில்லை. நாம்தான் அதன்மீது ஒட்டிக்கொள்கிறோம். "இத்தனை விலை கொடுத்து வாங்கியதாயிற்றே!" என்று நெஞ்சு பதறுவது அவ்வொட்டுதலின் வெளிப்பாடு. உமாஸ்வாமி பரிக்கிரகத்துக்கு இலக்கணம் கூறுமிடத்து, பொருளைச் சுட்டாமல் அதன்பால் கொள்ளும் மயக்கத்தையே சுட்டினார். தசலட்சண தருமத்துள் சௌசம் எனப்படும் தூய்மைக்கும் உரையாசிரியர்கள் உலோபம் நீங்குதல் என்றே பொருள் கண்டனர். விரிப்பின் தூய்மைக்காக நெஞ்சின் தூய்மையை இழப்பது எத்துணைப் பெரிய நட்டம் என்பதை இவ்விளக்கம் புலப்படுத்தும்.

கஷாயங்களின் கால அளவும் நம் நூல்களில் குறிக்கப்பட்டுள்ளது. மிக மென்மையான சஞ்சுவலனத்தின் பதிவு ஓர் அந்தர்முகூர்த்த அளவே நிற்கும். அதாவது 48 நிமிடத்துக்கு உட்பட்டது. பிரத்தியாக்கியானாவரணத்தின் பதிவு ஒரு பட்சம், 15 நாட்கள். அப்பிரத்தியாக்கியானாவரணத்தின் பதிவு 6 திங்கள். அதனையும் கடந்து பல பிறவிகளில் தொடர்வது அனந்தானுபந்தி. இவற்றுள் அனந்தானுபந்தி நற்காட்சியைக் கெடுக்கும். அப்பிரத்தியாக்கியானாவரணம் இல்லறத்தாரின் அணுவிரதத்தைத் தடுக்கும்.

இவ்வளவை நம் வீட்டு நிகழ்ச்சிக்குப் பொருத்திப் பார்த்தல் நலம். காப்பி கொட்டியவர்மீது எழுந்த சினம் அன்றே ஆறிவிட்டதா? நன்று. 15 நாட்கள் கடந்தும் நெஞ்சில் கனன்றுகொண்டிருக்கிறதா? நாம் ஏற்ற அணுவிரதம் உறுதியாக உள்ளதா என ஐயுற வேண்டியதாகிறது. 6 திங்கள் கடந்தும், விருந்தினர் முன்னிலையில், "இதைக் கெடுத்தவர் இவர்தாம்" என்று மருமகளையோ பணிப்பெண்ணையோ சுட்டிக்காட்டும் பழக்கம் நிற்கவில்லையா? அப்போது சோதிக்கப்படுவது நம் நற்காட்சியே. கம்பளத்தின் கறை ஒரு திங்களில் மங்கிப் போயிருக்கலாம்; சொல்லால் அதனை நாள்தோறும் புதுப்பிப்பவர் நாமே.

பிழை யாருடையது?

"அவ்வாறாயின் கவனமின்றி நடப்பவரைக் கண்டிக்கவே கூடாதா? பொருளுக்கு ஏற்பட்ட நட்டத்துக்கு எவரும் பொறுப்பில்லையா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி இது. பொறுப்பு என்பதே இல்லை என்று நம் சமயம் கூறவில்லை. கூறுமாயின் அது வினைக்கோட்பாட்டையே கைவிட்டதாகும்.

தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சைக்கு இலக்கணம் கூறும்போது, பிரமாதம் பொருந்திய செயலால் உயிருக்கு ஊறு நேர்வதையே ஹிம்சை என்கிறது. பிரமாதம் என்றால் மறதி, சோர்வு, விழிப்பின்மை. (நல்ல காப்பியைக் குடித்து "பிரமாதம்!" என்று நாம் பாராட்டும் சொல்லுக்கு ஆகமத்தில் இப்படியொரு பொருள் இருப்பதை நினைவிற் கொள்ளலாம்.) விழிப்போடு நடப்பவர் காலடியில், அவர் தவிர்க்கவியலாத வகையில் ஓர் உயிர் இறந்துபட்டாலும் அது அவருக்கு ஹிம்சையாகக் கட்டுவதில்லை, விழிப்பின்றி நடப்பவரோ, ஒன்றும் இறவாதபோதும் குற்றத்துக்கு ஆளாகிறார். ஆகவே விளைவை மட்டும் கண்டு தீர்ப்பளிப்பது நம் நெறியன்று; எண்ணத்தை மட்டும் காரணங்காட்டித் தப்பித்துக்கொள்வதும் நம் நெறியன்று. விழிப்பு இருந்ததா என்பதே கேட்கத்தக்க கேள்வி.

அக்கேள்வியை நேர்மையாகக் கேட்டால், விடை பெரும்பாலும் ஒருவரோடு நிற்பதில்லை. முதியவரின் கை நடுங்கியது. அதில் பிரமாதம் இல்லை, மூப்பே உள்ளது. குழந்தை ஓடிவந்து தட்டியது. குழந்தையின் இயல்பு அது. பணிப்பெண் நான்கு தம்ளர்களை ஒரே தட்டில் ஏந்தி, இன்னொரு கையில் பலகாரத்தையும் தாங்கி வந்தாள்; "சீக்கிரம் கொண்டு வா" என்று இருமுறை குரல் கொடுத்தவர் யார்? நடக்கும் வழியிலேயே விலையுயர்ந்த விரிப்பைப் பரப்பி, தம்ளர் வைக்க அருகில் ஒரு முக்காலியும் இடாதவர் யார்? அங்கெல்லாம் பிரமாதம் உண்டு. ஆனால் அது கொட்டியவரிடம் மட்டும் இல்லை.

ஈண்டு ஒரு செய்தியை வெளிப்படையாகக் கூறவேண்டியுள்ளது. குடும்பத்தார் கொட்டினால் ஒரு கடுஞ்சொல்லோடு முடியும் நிகழ்ச்சி, பணிபுரிவோர் கொட்டினால் மாத ஊதியத்தில் பிடித்தமாக மாறும் வீடுகள் உண்டு. பிடிக்கும் தொகை நமக்கு ஒருநாள் சிற்றுண்டிச் செலவாக இருக்கலாம்; அவளுக்கோ அது அம்மாத அரிசியிலும் பள்ளிச் செலவிலும் விழும் துண்டு. இதனை நியாயமான இழப்பீடு என்று நாம் கருதலாமா?

அஹிம்சாணுவிரதத்துக்கு 5 அதிசாரங்கள் கூறப்பட்டுள்ளன. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மிஞ்சிய சுமை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகமும் இல்லறத்தாரின் ஒழுக்கத்தை உரைக்குமிடத்து இவற்றை விதந்து கூறுகிறது. இவை ஐந்தும், நம்மைச் சார்ந்து வாழும் உயிர்களுக்கு நாம் செய்யக்கூடிய கொடுமைகள் என்பது கருதத்தக்கது. ஒரு மாட்டுக்குத் தீனியைக் குறைப்பது அதிசாரமானால், உழைத்தவளின் கூலியைக் குறைப்பது எங்ஙனம் அறமாகும்? நாம் அவள் கையிலிருந்த உணவைப் பறிக்கவில்லை என்பது உண்மையே. அவ்வுணவை வாங்கும் காசைப் பறித்தோம். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு. தட்டின்மேல் தட்டாக ஏற்றி அனுப்பியது நான்காவது அதிசாரத்தின் சாயல். கூலியைப் பிடித்தது ஐந்தாவதன் சாயல். ஒரே காலைப்பொழுதில் இரண்டையும் நிகழ்த்திவிட்டு மாலையில் ஆலயம் செல்வது பொருந்துமா?

உலகியல் சட்டமுங்கூட இதில் எச்சரிக்கையோடு நடந்துள்ளது. தொழிற்சாலை முதலியவற்றுக்கென 1936-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஊதியப் பட்டுவாடாச் சட்டம், பொருட்சேதத்துக்காக ஊதியத்தில் பிடிப்பதானால் அச்சேதம் தொழிலாளியின் கவனக்குறைவால் நேர்ந்ததாக இருக்க வேண்டும் என்றும், பிடித்தம் நட்டத்தின் அளவை மீறலாகாது என்றும் விதித்தது. அவர் தம் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும் என்பதும் அதன் விதியாக இருந்தது. அது வீடுகளுக்கென எழுதப்பட்டதன்று. எனினும், ஆலைமுதலாளியிடம் அரசு எதிர்பார்த்த இந்த அளவு நிதானத்தையேனும் அஹிம்சையைப் பரமதருமமாகக் கொண்ட இல்லங்கள் காட்ட வேண்டாமா? கேளாமல் தீர்ப்பளிப்பது சட்டத்துக்கே ஒவ்வாததெனில் அறத்துக்கு எவ்வாறு ஒக்கும்?

கண்டிப்பு வேண்டுமிடத்தில் கண்டிக்கலாம். அது கற்பித்தலாக அமையவேண்டும். தட்டை இரண்டு முறையாகக் கொண்டுவரச் சொல்வதும், தம்ளரை முக்காலியில் வைக்கப் பழக்குவதும் விழிப்பை வளர்க்கும். அச்சம் விழிப்பை வளர்ப்பதில்லை. அது நடுங்கும் கையை மேலும் நடுங்கச் செய்யும். கொட்டியதை மறைக்கவும் கற்பிக்கும். கடிந்துகொள்ளும் வீட்டில் கறை உடனே வெளிப்படுவதில்லை. நாற்காலியை நகர்த்தி மூடிவிடுகிறார்கள். அங்கே வெகுளியின் வயிற்றில் மாயை பிறக்கிறது.

கறை போக்கும் முறை

இனி முதலில் கேட்கத்தக்க கேள்விக்கு வருவோம். கறையை எவ்வாறு போக்குவது? இதற்குரிய முறைகள் எளியவை. முறையின் வரிசையே முக்கியம்.

காப்பி விழுந்தவுடன் வெள்ளைப் பருத்தித்துணி ஒன்றை அதன்மேல் வைத்து அழுத்தி ஒற்றியெடுக்க வேண்டும். வண்ணத்துணி ஆகாது, அதன் சாயம் இறங்கிப் புதிய கறை உண்டாகலாம். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றவேண்டும். இல்லையேல் கறை பரவும். தேய்த்தல் கூடவே கூடாது. தேய்த்தால் கறை அடிவரை இறங்குவதோடு கம்பளியின் இழைகளும் சிதைவுறும். சுடுநீரும் ஆகாது. வெப்பம் பாலின் புரதத்தை இறுகச் செய்து கறையை நிலைநாட்டிவிடும். வடிகட்டிய தண்ணீரைச் சிறிது சிறிதாகத் தெளித்து ஒற்றுவதே போதும்.

அடுத்து, ஒரு தம்ளர் நீரில் கால் தேக்கரண்டி அளவு, பாத்திரம் துலக்கும் மென்மையான சோப்புநீரைக் கலந்து துணியில் தோய்த்து ஒற்றவேண்டும். பின்னும் நிறம் தங்கினால், ஒரு பங்கு வெள்ளைக் காடிக்கு இரு பங்கு நீர் சேர்த்து ஒற்றலாம். சலவைச் சோடா, வெளுப்புத்தூள் ஆகியவற்றைக் கம்பளியில் இடலாகாது. கம்பளி ஆட்டுமயிர்ப் புரதத்தால் ஆனது. காரமும் குளோரினும் அதனை அரித்துவிடும். பட்டுக்கும் கம்பளிக்கும் நம் பாட்டிமார் பூந்திக்கொட்டையையே நாடியது இது கருதியே போலும். நாட்பட்ட கறைக்கு 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு நீரை வெளிர்நிற விரிப்புகளில் மட்டும், மறைவான ஒரு மூலையில் சோதித்த பின்னரே பயன்படுத்தலாம்.

முடிவில் சோப்பு முழுவதும் நீங்குமாறு தண்ணீரால் ஒற்றி, மடித்த வெள்ளைத்துணியை மேலே வைத்து, அதன்மேல் கனமான பொருளொன்றை இட்டு இரவு முழுவதும் விட்டுவிட வேண்டும். இதற்குக் காரணமுண்டு. மேற்பரப்பில் கறை நீங்கினாலும் அடியில் தங்கிய ஈரம், உலரும்போது இழைகளின் வழியே மேலேறி வந்து மறுநாள் அதே இடத்தில் கறையாகத் தோன்றும். அதனை மேலுள்ள துணி உறிஞ்சிக்கொள்ளும். கறை மீண்டும் தோன்றினால் சோர்வுறாது மீண்டும் அதே முறையைக் கையாள வேண்டும்.

நம் நூல்கள் வகுத்த செறிப்பு, உதிர்ப்பு என்பவற்றின் வரிசையும் இதுவே அன்றோ? முதலில் பரவாமல் தடுத்தல், அது செறிப்பு. பின்னர்ப் படிந்ததைச் சிறிது சிறிதாக வெளிக்கொணர்தல், அது உதிர்ப்பு. தவறு செய்தபின் தன்னைத்தானே வெறுத்து வருத்திக்கொள்வது தேய்த்தலுக்கு ஒப்பாகும். அதனால் வருத்தமே உள்ளிறங்கும். ஆசிரியர் முன்னிலையில் உள்ளதை உள்ளவாறு எடுத்துரைக்கும் ஆலோசனை, ஒற்றியெடுத்தலுக்கு ஒப்பாகும். சினத்தோடு சினத்தைத் திருத்த முனைவது சுடுநீர் ஊற்றுவதே. ஒருமுறை பிரதிக்கிரமணம் செய்து தூய்மையடைந்ததாக எண்ணிய நெஞ்சில், அடியில் தங்கிய பழைய பகை மறுநாள் மேலெழுவதையும் நாம் காண்கிறோம். அதனாலேயே பிரதிக்கிரமணம் நாள்தோறும் செய்யத்தக்க கடமையாக வைக்கப்பட்டது.

சோப்பைப் பற்றிய குறிப்பு தனியே சிந்திக்கத்தக்கது. கறையைப் போக்க வந்த சோப்பு, இழைகளில் தங்கிவிட்டால் ஒட்டும் தன்மையால் புதிய அழுக்கை ஈர்க்கும். பாவத்தைப் போக்கப் புண்ணியம் வேண்டும்; ஆயினும் புண்ணியமும் வினையே. பொன்னாற் செய்த விலங்கும் இரும்பாற் செய்த விலங்கைப் போலவே பிணிக்கும் என்று ஸமயஸாரத்தில் உணர்த்திய குந்தகுந்தாசாரியர், நம் பொன்னூர் மலையோடு தொடர்புடையவராக நம்மால் போற்றப்படுபவர். "நான் அவளை மன்னித்தேன்; வேறு யாராயினும் மன்னிப்பார்களா?" என்று பின்னர்ப் பலரிடம் சொல்லிக்கொள்வது, அலசாமல் விட்ட சோப்பேயாகும். மன்னித்ததன் செருக்கையும் அலசிவிடும்போதுதான் மன்னிப்பு நிறைவு பெறும்.

இம்முறையில் காலந்தாழ்த்தாமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. காப்பியில் உள்ள சர்க்கரை எறும்புகளை அழைக்கும். அழுக்கேறிய கம்பளியை அரிபூச்சிகளின் புழுக்கள் விரும்பி நாடும். அவை வந்து சேர்ந்தபின் மருந்து தெளித்துக் கொல்வது, நாமே இலை போட்டு அழைத்துவிட்டு நஞ்சிடுவது போன்றது. இல்லறத்தார்க்குத் தவிர்க்கவியலாத ஆரம்ப ஹிம்சை என்று அதனைக் கூறித் தப்ப இயலாது. கருதிச் செய்யும் சங்கல்ப ஹிம்சையின் எல்லையை அது தொடுகிறது. அன்றே துடைத்திருந்தால் அத்தனை உயிர்களும் வராமலே இருந்திருக்கும். யார் கொட்டியது என்னும் வழக்கில் கழியும் ஒவ்வொரு நாழிகையும் இத்தகைய விளைவுகளுக்கு இடந்தருகிறது.

உவமையின் எல்லை

எந்த உவமைக்கும் ஓர் எல்லையுண்டு. கம்பளத்தையும் உயிரையும் எல்லா வகையிலும் ஒன்றாகக் கருதிவிடக் கூடாது. எவ்வளவு திறம்படத் துடைத்தாலும் சில கறைகள் கம்பளத்தை விட்டு அகல்வதில்லை. அகன்றாலும் விரிப்பு மெல்லத் தேய்ந்தே போகும். உயிரோ அவ்வாறானதன்று. நிச்சயநயத்தால் நோக்கின் அறிவும் காட்சியுமே அதன் இயல்பு. வினை அதன்மேல் வந்து படிந்ததேயன்றி அதன் இயல்பாக ஒருபோதும் மாறிவிடவில்லை. அதே சமயம், "உயிர் இயல்பால் தூயது; ஆகவே துடைக்க வேண்டியது ஒன்றுமில்லை" என்று கூறுவது ஒருபக்கத்தையே பற்றிய ஏகாந்தம். வியவகாரநயத்தால் நோக்கின் அழுக்கு உண்டு, முயற்சியும் வேண்டும்.

சில வினைகள் நிகாசிதம் எனப்படும் அளவுக்கு இறுகிவிடுகின்றன என்றும், காலத்துக்கு முன் உதிர்க்கவோ வேறொன்றாக மாற்றவோ குறைக்கவோ கூட்டவோ அவற்றை இயலாதென்றும் கர்மநூல்கள் கூறும். பயனை நுகர்ந்தே அவற்றைக் கழிக்கவேண்டும். இக்கூற்றைக் கேட்டு நாம் சோர்வடைய வேண்டியதில்லை. நிகழ்ந்துவிட்டதை மாற்ற இயலாதபோதும், அதனை எத்தகைய மனத்தோடு ஏற்கிறோம் என்பது நம் கையில் உள்ளது. அகலாத கறையோடு கூடிய கம்பளத்தின்மேல் அமர்ந்து அமைதியாக உரையாடும் குடும்பம் உண்டு. கறையே இல்லாத கம்பளத்தைச் சுற்றி ஒருவரோடொருவர் பேசாதிருக்கும் குடும்பமும் உண்டு. இவற்றுள் எது தூய்மையான வீடு என்று நாம் சொல்லவும் வேண்டுமோ?

ஆகவே தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை இதுவாகிறது. தற்செயலாக நேர்ந்ததற்குப் பொறுப்பு, விழிப்பு தவறிய அளவுக்கே உண்டு. அது பலருக்கும் பங்குள்ள பொறுப்பு. அதன்பின் அறிந்தே எழுப்பிய சினமும், சொல்லிய சொல்லும், பிடித்த கூலியும், மறவாது காத்த பகையும் முழுவதும் நமக்கே உரியன. அவற்றில் பங்குகொள்ள வேறு எவரும் வாரார்.

தசலட்சண நோன்பின் முதல் தருமம் உத்தம க்ஷமை. நோன்பு நிறைவுற்றபின் வரும் க்ஷமாவணி நாளில் உறவினர்க்கும் நண்பர்க்கும் கைகூப்பி மன்னிப்பு வேண்டும் வழக்கம் நம்மிடையே பரவி வருகிறது. அந்நாளில் நம் வீட்டில் பாத்திரம் துலக்குபவரையும் கூடம் பெருக்குபவரையும் விடுத்துவிடலாகாது. நாம் மன்னிப்புக் கேட்க வேண்டியவர் வரிசையில் அவர்களே முதலில் நிற்கக்கூடும். ஊதியத்தில் முன்னர்ப் பிடித்த தொகை ஏதேனும் இருப்பின், அதனைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்கும் மன்னிப்பே மன்னிப்பாகும்.

விரிப்புகள் வாங்குவோம்; அவை கிழியும். காப்பி அருந்துவோம், அது எப்போதேனும் சிந்தும். சிந்தும்போது முதலில் துணியை எடுப்போம், "யார்?" என்னும் கேள்வியைப் பின்னர் வைத்துக்கொள்வோம். துடைத்து முடித்தபின் பெரும்பாலும் அக்கேள்விக்கு இடமிராது.

அறம் வளர்க, அனைத்துயிரும் இன்புறுக.